‘வாங்கு’ பொத்தானை நம்பி 43 புத்தகங்களைத் தொலைத்தேன்

ஆறு வருடமாக ஒரே மின்னூல் கடையில்தான் புத்தகம் வாங்கினேன். மொத்தம் 43. எல்லாவற்றுக்கும் முழு விலை கொடுத்தேன், ரசீதுகள் மின்னஞ்சலில் இருக்கின்றன. இன்று அதில் ஒன்றைக்கூடத் திறக்க முடியாது. நீங்களும் மின்னூல் வாங்குகிறவர் என்றால் இதைப் படித்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.

முதலில் என் பழைய டேப்லெட் உயிரை விட்டது. வயதாகிவிட்டது, அதில் வருத்தமில்லை. புதியதில் கடையின் செயலியை நிறுவி உள்ளே போனால் அட்டைப் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தொட்டதும், ‘அனுமதிக்கப்பட்ட சாதனங்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டது’. வரம்பு ஆறு சாதனங்களாம். நான் எப்போதோ விற்ற போன், தூக்கிப்போட்ட போன், ஃபார்மட் செய்ததால் இரண்டு சாதனமாகப் பதிவான ஒரே மடிக்கணினி, எல்லாம் கணக்கில் உட்கார்ந்திருந்தன. சரி, பழையவற்றை நீக்கலாம் என்று பார்த்தால், அந்தந்தச் சாதனத்தில் இருந்துதான் நீக்க வேண்டுமாம். செத்த டேப்லெட்டை நான் எங்கே போய் எழுப்புவது?

வாடிக்கையாளர் சேவையில் 11 நாள் இழுத்தடித்தார்கள். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கதை. அதில் ஒருவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: ‘நீங்கள் வாங்கியது புத்தகம் அல்ல, வாசிப்பதற்கான உரிமம்.’ பொத்தானில் ‘வாங்கு’ என்றுதானே போட்டிருந்தீர்கள் என்றேன். விதிமுறைகளின் இணைப்பை அனுப்பினார்.

ஒருவழியாகக் கணக்கைச் சரிசெய்து கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்துக் கடையையே மூடுவதாக மடல் வந்தது. கடைசி ஒரு வருடத்தில் வாங்கிய ஐந்து புத்தகங்களுக்கு மட்டும் பணம் திரும்பியது.

நகல் எடுத்து வைத்திருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். எல்லாக் கோப்புகளும் வன்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் டிஆர்எம் என்ற நகல் தடுப்புப் பூட்டு போட்ட கோப்பு, கடையின் சர்வரில் இருந்து சாவி வந்தால்தான் திறக்கும். சர்வர் போனது, சாவியும் போனது. பூட்டை உடைக்கலாமே என்றால், பல நாடுகளில் அதற்கும் சட்டத் தடை இருக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தில், சில விலக்குகள் தவிர, காசு கொடுத்து வாங்கியவர்கூடப் பூட்டில் கை வைக்கக்கூடாது. திருட்டு நகல் இறக்கியவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2009இல் அமேசான், தன் கடையில் அதைப் போட்டு விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, ஆர்வெலின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கிண்டில் வாசிப்புக் கருவியில் இருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அப்புறம் மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய எல்லாப் புத்தகங்களும் திறக்காமல் போயின. அவர்களாவது முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமத்தை மட்டும் விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக்கூடாது.

இனி நான் வாங்கும் முன் ‘டிஆர்எம் இல்லை’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். சில பதிப்பகங்கள் பூட்டுக்குப் பதில் வாங்கியவர் பெயரை மட்டும் பக்கத்தில் பதித்து விற்கின்றன. அது எனக்குச் சம்மதம். பூட்டு உள்ளதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கருவியை விற்கும் முன், ஃபார்மட் செய்யும் முன், கணக்கில் இருந்து அதை நீக்கிவிடுங்கள்.

எனக்குப் புத்தகங்கள் போனதைவிடக் குறிப்புகள் போனதுதான் வலி. ஒரு இலக்கண நூலில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடும் கேள்வியுமாக எழுதி வைத்திருந்தேன். புத்தகம் திறக்காவிட்டால் அவையும் திறக்காது. உங்கள் செயலியில் குறிப்புகளைத் தனியாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். என்னுடையதில் இருந்திருக்கிறது, மூன்று மெனுக்களுக்கு உள்ளே. கடை மூடிய பிறகு ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.