இலவச பாட்காஸ்ட் ஹோஸ்டிங்: சில வருடப் பழக்கம், தீராத ஒரு எரிச்சல்

பாட்காஸ்ட் தொடங்கப்போகும் நண்பர் கேட்டார்: "காசு கட்டி ஹோஸ்டிங் வாங்கணுமா, இலவசமே போதுமா?" ஹோஸ்டிங் என்றால், நம் ஆடியோவை இணையத்தில் வைத்திருந்து கேட்கும் செயலிகளுக்குக் கொடுக்கும் சேவை. நான் பயன்படுத்தும் இலவச சேவையின் பெயர் வேண்டாம், குணத்தைச் சொல்கிறேன்.

எபிசோடை ஏற்றினால் நம் வேலை முடிந்தது. ஒரே ஆர்.எஸ்.எஸ். ஃபீட் (செயலிகள் படிக்கும் எபிசோடு பட்டியல்) வழியாக, ஒருமுறை பதிந்துவைத்த ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் என்று எல்லா இடத்துக்கும் தானாகப் போய்விடும். ஆடியோ பாதியில் நிற்கிறது என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. பைசா வாங்காமல் இவ்வளவு செய்வது பெரிய விஷயம்தான்.

எரிச்சலெல்லாம் அந்த ஃபீடில். வேறு ஹோஸ்டிங்குக்கு மாறப் பார்த்தேன். நிகழ்ச்சி நம்முடையதுதானா என்று உறுதிசெய்ய, ஃபீடில் இருக்கும் மின்னஞ்சலுக்குப் புது நிறுவனம் ஒரு குறியீடு அனுப்பும். என் ஃபீடைத் திறந்தால், உரிமையாளர் மின்னஞ்சல் இருக்கவேண்டிய இடத்தில் இந்தச் சேவையே உருவாக்கிய ஏதோ முகவரி! தெருநாய் குரைத்து ஓயும்வரை காத்திருந்து ராத்திரியில் பதிவு செய்தது நான். ஓனர் வேறு ஆளாம். மாற்றுவதற்கான டிக் பெட்டி செட்டிங்ஸில் எங்கோ அடியில் கிடக்கிறது. உதவி மையத்தில் கேட்டதற்கு, கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கச் சொன்னது சாட்பாட்.

அதைத் தாண்டினாலும் பழைய ஃபீட் முகவரி இந்தச் சேவைக்காரர்களின் டொமைனில்தான். அவர்கள் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவர்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டு, அதை எடுக்காமல் விட்டுவைத்தால்தான் பழைய சந்தாதாரர்கள் நம்மோடு வருவார்கள். அந்தச் சந்தாதாரர்கள் யார் யார் என்ற பட்டியலும் நம்மிடம் கிடையாது. 2024-ல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் என்ற கேட்கும் செயலி மூடப்பட்டபோது, சந்தாக்களை வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ளும் வேலை கேட்பவர்கள் தலையில்தான் விழுந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் அவர்களுக்கு நேரடியாக ஒரு மெயில் போடக்கூட வழியில்லை.

எண்ணிக்கையும் இதே லட்சணம். யூடியூபில் ஃபீடை இணைத்தால் அது ஆடியோவைப் பிரதி எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அங்கே கேட்பவர்கள் ஹோஸ்டிங் கணக்கில் வரமாட்டார்கள். விளம்பரம் தர வரும் கடைக்காரர் "மொத்தம் எத்தனை பேருண்ணே கேக்குறாங்க?" என்றால் என்ன சொல்ல? ஒரு டாஷ்போர்டு (எண்ணிக்கை காட்டும் பக்கம்) டவுன்லோடு என்கிறது, இன்னொன்று ப்ளே என்கிறது. இரண்டையும் கூட்டவும் முடியாது.

நண்பரிடம், காசு கட்டி, சொந்த டொமைனில் ஃபீட் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் 5-க்கு 2. நான் மாறினேனா என்று கேட்காதீர்கள். மாதாமாதம் டாலரில் கட்ட மனசு வரவில்லை. அடுத்த எபிசோடும் இங்கேதான் வரும்.