கியூபாவுக்கு ஈ-விசாவும் டிவியாஹெரோஸும்: ரீயூனியனில் இருந்து ஒரு மதிப்பீடு

பிரான்ஸின் தீவான ரீயூனியனில் இருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு கியூபாவுக்குக் கிளம்பும் நம்மவர்களுக்கான கணக்கு இது. ஐந்துக்கு, இணையத்தில் வாங்கும் ஈ-விசாவுக்கு நான்கு, போவதற்கு முன் நிரப்ப வேண்டிய டிவியாஹெரோஸ் படிவத்துக்கு மூன்று கொடுக்கலாம். மதிப்பெண்ணில் சேராத ஒரு செலவு உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

முன்பெல்லாம் கியூபாவுக்குக் காகிதச் சுற்றுலா அட்டைதான். பேனாவால் நிரப்ப வேண்டும். ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினாலும் அட்டை பாழ், மறுபடி பணம். 2025-இல் அது போய் ஈ-விசா வந்தது. ஒருமுறை நுழையலாம், 90 நாள் தங்கலாம், அங்கேயே இன்னொரு 90 நாள் நீட்டித்துக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கும் தனி விசா வேண்டும். தூதரகம், விமான நிறுவனம், பயண முகவர் என வாங்கும் இடத்துக்கு இடம் விலை மாறும். விசா ஒன்றுதான், நடுவில் இருப்பவரின் கூலிதான் வேறு. அதனால் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

டிவியாஹெரோஸ் என்பது குடிவரவு, சுங்க விவரங்களை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் இணையப் படிவம். இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அரசுத் தளம் இல்லை. முகவரியின் கடைசியில் கியூபாவுக்குரிய புள்ளி-சியு (.cu) இருக்கிறதா என்று பாருங்கள். கியூபாவில் இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட், விமானம், தங்கும் முகவரி, கூடவே ஈ-விசா எண், எல்லாம் கேட்கும். ஆகவே விசா கைக்கு வந்த பிறகுதான் படிவம். முகவரிடம் விசாவைக் கடைசி நேரத்தில் கேட்பவர்கள் மாட்டுவது இந்த வரிசையில்தான். முடித்ததும் கியூஆர் குறி வரும். மின்னஞ்சலில் வரவில்லை என்றால் குப்பைப் பெட்டியைப் பாருங்கள். கைபேசியில் சேமித்ததோடு நிற்காமல் தாளிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறு அதிகம் நடப்பது பெயரில். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் மணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் முதலில் வரும், புகுந்த வீட்டுப் பெயர் அதன் பிறகு. படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே இருப்பது பிறந்த வீட்டுப் பெயர் மட்டும். டிக்கெட் கணவர் பெயரில், விசா அப்பா பெயரில் என்றால் செக்-இன் மேசையில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டிக்கெட், விசா, படிவம் மூன்றிலும் அந்த அடிவரியைப் பார்த்தே எழுதுங்கள். எண்ணிலும் கவனம் வேண்டும்: பிரெஞ்சு பாஸ்போர்ட் எண்ணில் முதல் இரண்டு இலக்கம், அடுத்த இரண்டு எழுத்து, மீதி ஐந்தும் இலக்கம். கடைசி ஐந்தில் வட்டமாக ஒன்று தெரிந்தால் அது சுழியம்தான், 'ஓ' இல்லை.

அடையாள அட்டையைக் காட்டிப் பாரிஸ் வரை போய்விடலாம், ஹவானாவுக்கு அது செல்லாது. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ரீயூனியனின் ரோலான்-காரோஸ் விமான நிலையத்திலேயே கியூபா ஆவணங்களைக் கேட்பார்கள்; குறை இருந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தனித்தனி டிக்கெட் என்றால் பாரிஸில்தான் தெரியவரும். கோர்சேர், பிரெஞ்ச் பீ விமானங்கள் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இறங்குகின்றன. ஹவானா விமானம் இன்னொரு நிலையமான ஷார்ல் தெ கோலில் இருந்து என்றால் அங்கே மாற வேண்டும். 2024 ஜூனில் இருந்து 14-ஆம் எண் மெட்ரோ ஓர்லிக்கே வருகிறது. ஷாத்லேயில் இறங்கி, ஷார்ல் தெ கோல் போகும் புறநகர் ரயிலான ஆர்இஆர் பி பிடிக்கலாம். பெட்டிகளோடு மாறுவதென்றால் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம், பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தால் அங்கே உதவாது. வங்கி அட்டையோடு வரும் காப்பீட்டை நம்பினால், சான்றிதழில் கியூபாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க வங்கி அட்டைகள் வேலை செய்யாது. யூரோ ரொக்கமாகவே கொண்டுபோவது நல்லது.

இனி அந்தச் செலவு. 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ கியூபாவில் கால் வைத்தவருக்கு, விசா இல்லாமல் அமெரிக்கா போக இணையத்தில் வாங்கும் அனுமதியான எஸ்டா கிடையாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தும் முழு விசாவுக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போக வேண்டும். எஸ்டாவுக்குச் சுமார் 40 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 185. மியாமியில் விமானம் மாறினாலும் இதே விதிதான். பிள்ளைகளை என்றாவது நியூயார்க் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுக் கியூபாவுக்குக் கிளம்புவது புத்திசாலித்தனம். விசா விற்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் வாய்திறந்து சொல்வதில்லை. படிவத்துக்கு மதிப்பெண் குறைந்ததற்கு இது காரணமில்லை. பாதி நிரப்பும்போது தளம் திணறுவதும், திரும்ப முதலில் இருந்து தட்டச்சு செய்ய வைப்பதும்தான் காரணம்.

சுங்கத்தில் டிரோனை அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் பிடித்துவைத்துக்கொள்வார்கள். இறைச்சி, பழம், செடி, விதை எதுவும் வேண்டாம். நம் தீவின் சென்-ஆந்த்ரே ஊர் வீட்டுத் தொத்திறைச்சிக்கும் இதே கதைதான். பெட்டி ஓரத்தில் ஒரு கொத்துக் கலுப்பிலே செருகிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கறிவேப்பிலை கிரியோலில் அப்படி மருவிய பிறகும் இலை இலைதான், அதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.