காருக்கா, காலுக்கா? புதுப்பிக்கும் கடைவீதியில் யாருக்கு இடம்

கடைவீதியைப் பெயர்த்துப் புதிதாகப் போடும்போது மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். கூட்டத்தில் முதலில் எழும் குரல் பார்க்கிங்கைப் பற்றித்தான் இருக்கும். உட்கார இடம் வேண்டியவர் பெரும்பாலும் வந்திருக்கவே மாட்டார்.

முதல் போட்டி, காரைச் சாய்வாக நிறுத்துவதா, ஓரத்தை ஒட்டி நேராக நிறுத்துவதா என்பது. சாய்வாக நிறுத்தினால் அதே நீளத்தில் கூடுதல் கார்கள் நிற்கும், நுழைவதும் எளிது. கடைக்காரர்கள் விரும்புவது இதைத்தான். ஆனால் நேராக நிற்கும் கார் தெருவின் அகலத்தில் இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டி எடுத்துக்கொள்கிறது என்றால், சாய்வாக நிற்கும் கார் ஐந்து மீட்டரை விழுங்கிவிடும். அந்த அகலம் நடைபாதையிலிருந்துதான் போக வேண்டும். மேலும், சாய்விலிருந்து பின்னோக்கி எடுக்கும்போது பக்கத்து வண்டி மறைப்பதால், வருகிற சைக்கிள் காரோட்டியின் கண்ணில் படாது. என் ஓட்டு நேர் நிறுத்தத்துக்குத்தான்.

"பார்க்கிங் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும்" என்ற பயத்தைத் தள்ளிவிடக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும். பிரிட்டனின் பிரிஸ்டலில் ஒரு கடைவீதியில் அப்படி அளந்தார்கள். வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் வந்தது 22 சதவீதம். சில சமயம் இடம் பற்றாமல் போவதற்குக் காரணம், காலையில் நிறுத்திய வண்டி மாலைவரை நகராததுதான். தேவைக்கேற்பக் கட்டணம் வைத்து, எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும் என்பது பார்க்கிங்கை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்ன வழி. லோடு இறக்கவும் மாற்றுத்திறனாளிகள் நிறுத்தவும் உள்ள இடங்களில் மட்டும் கை வைக்கவே கூடாது.

அடுத்தது இருக்கை. நகர்த்தக்கூடிய நாற்காலியா, பதித்த பெஞ்சா? நியூயார்க்கின் பொது இடங்களை ஆராய்ந்த வில்லியம் எச். வைட், ஜனங்கள் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள் என்று கவனித்தார். அந்தச் சுதந்திரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் நாற்காலிகளை எடுத்து வைக்கவும் பாதுகாக்கவும் ஆள் வேண்டும். சதுக்கத்துக்கு நாற்காலி சரி, தெருவோரத்துக்கு பெஞ்சே மேல். அதுவும் சும்மா ஒரு பலகை போதாது. கைப்பிடி இல்லாத தாழ்ந்த பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி எழுவதைப் பாருங்கள்: பையைத் தரையில் வைப்பார், முழங்காலில் இரு கையையும் ஊன்றுவார், ஒருமுறை எழ முயன்று மறுபடி உட்கார்ந்துவிடுவார். 45 சென்டிமீட்டர் உயரமும் கைப்பிடியும் சாய்மானமும் இருந்தால் இந்தப் பாடு இல்லை. பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்க இடமும் விடுங்கள்.

இரண்டு தரப்பும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நடுவழி உண்டு. 2005ல் சான் பிரான்சிஸ்கோவில் சிலர் பார்க்கிங் மீட்டரில் காசு போட்டு, கார் நிற்கும் இடத்தில் புல்லும் பெஞ்சும் மரமும் வைத்தார்கள். 2010ல் அந்த நகரமே அதை முறையான திட்டமாக்கியது. நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன், இரண்டு கார் இடங்களை இப்படிச் சில மாதம் மாற்றிப் பார்க்கலாம். அப்புறம் கருத்துக் கேட்கும் படிவத்தை அரங்கத்துக்குக் கொண்டுபோகாமல், அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடமும், எதிரே கடை வைத்திருப்பவரிடமும், அங்கே காரை நிறுத்த வந்து இடம் கிடைக்காதவரிடமும் நேரில் கொடுங்கள்.