ரெஜிஸ்ட்ரி டுவீக்குகளைச் சுத்தம் செய்ய எது நல்லது? ரெக் கோப்பு, பாலிசி, பவர்ஷெல்: ஓர் அலசல்

விண்டோஸைத் தன் தேவைக்கேற்ப மாற்றி, சொந்த இமேஜ் (நிறுவத் தயாராக வைத்த விண்டோஸ் நகல்) வைத்திருக்கும் எவரிடமும் ஒரு டுவீக் கோப்பு இருக்கும்; அதாவது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் செய்யும் மாற்றங்களின் பட்டியல். விண்டோஸ் 7 காலத்தில் சேர்த்த வரிகள், 10-க்கு மாறியபோது சேர்த்தவை, 11-க்கு வந்தபிறகு அவசரமாக ஒட்டியவை எல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எந்த வரி வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பது பெரும்பாலும் எழுதியவருக்கே தெரியாது.

முதலில் எது குப்பை என்று பார்த்துவிடலாம். 'செகண்ட்லெவல்டேட்டாகேஷ்' செத்துப்போன வரி. ப்ராசஸரின் எல்2 கேஷ் (அதற்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) அளவை விண்டோஸ் தானே கண்டுகொள்கிறது. 'வின்32பிரையாரிட்டிசெபரேஷன்' வேல்யூவை (ரெஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பின் பெயரும் மதிப்பும் சேர்ந்த பதிவு) ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான முறையில் 26 ஆக்கினால் கணினி வேகமாகும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண (சர்வர் அல்லாத) விண்டோஸில் இயல்பாக இருக்கும் 2-க்கும் அதற்கும் விளைவு ஒன்றுதான். டெலிமெட்ரியை, அதாவது மைக்ரோசாஃப்டுக்கு விண்டோஸ் தானாக அனுப்பும் பயன்பாட்டுத் தரவை நிறுத்த 'அலவ்டெலிமெட்ரி'யை 0 ஆக்குவது வேறு வகைச் சிக்கல். என்டர்பிரைஸ், எஜுகேஷன், சர்வர் பதிப்புகள்தான் அந்த 0-வை மதிக்கும். ஹோமும் ப்ரோவும் அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். டெலிமெட்ரியை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், அது ஓடிக்கொண்டிருக்கும். இப்படி ஏமாற்றும் வரிகளைத்தான் நான் முதலில் களைவேன்.

வழிகளை ஒப்பிட என் அளவுகோல் ஒன்றே: மாற்றத்தை உண்மையிலேயே திரும்பப் பெற முடிகிறதா? ரெஜிஸ்ட்ரியில் ஒரு வேல்யூ 0 ஆக இருப்பதும், அந்த வேல்யூவே இல்லாமல் இருப்பதும் வேறுவேறு. பல அமைப்புகளின் இயல்பு நிலையே 'இல்லாமை'தான். 1-ஐ 0 ஆக்கிவிட்டு 'பழையபடி ஆகிவிட்டது' என்றால், அங்கே புதிதாக இன்னொரு டுவீக் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ரெக் கோப்பு, அதாவது ரெஜிஸ்ட்ரி வரிகளை எழுதிவைத்த உரைக்கோப்பு, எல்லோருக்கும் பழகிய வழி. நோட்பேடில் திறந்து படிக்கலாம், இரண்டு கிளிக்கில் ஏற்றலாம். ஆனால் அதற்குத் தெரிந்தது, தன் வரிகளை ஏற்கெனவே இருப்பவற்றோடு கலக்க மட்டுமே. டுவீக் போடும் முன் எக்ஸ்போர்ட் செய்த பழைய கோப்பைத் திரும்ப ஏற்றினால், மாறிய வேல்யூக்கள் பழைய எண்ணுக்குப் போகும். புதிதாக முளைத்தவை அப்படியே இருக்கும். அவற்றை நீக்க, வேல்யூ பெயருக்குப் பின் சமக்குறியும் கழித்தல் குறியும் போட்டு நாமே எழுத வேண்டும். சதுர அடைப்புக்குள் கீயின் (வேல்யூக்களை வைத்திருக்கும் ஃபோல்டர் போன்றது) முன்னால் கழித்தல் குறி போட்டால் அதன் கீழே உள்ள எல்லாமே போய்விடும், கேள்வியே கேட்காது. டிவேர்ட் (32-பிட் எண் வகை) எண்கள் ஹெக்ஸில் இருப்பதும் தவறுக்கு வழி: 10 என்று எழுதினால் அது 16. 'எந்தப் பதிப்பு, எந்தப் பில்டு (வெளியீட்டு எண்)' என்று பார்த்து நடக்கவும் அதற்கு வழியில்லை. நான்கைந்து வரிகளுக்கு ரெக் கோப்பு போதும். பல ஆண்டுக் குப்பைக்குப் போதாது.

திரும்பப் பெறுவதில், விண்டோஸ் அமைப்புகளை விதிகளாகப் போட உதவும் குரூப் பாலிசிதான் மிக நேர்த்தி. 'நாட் கான்ஃபிகர்டு' என்று மாற்றினால், பாலிசீஸ் கீயின் கீழ் எழுதிய வேல்யூவையே அது நீக்கிவிடும். ஆனால் அந்தக் கீயில் ரெக் கோப்பு வழியாக நேரடியாக எழுதியிருந்தால் பாலிசி எடிட்டரில் அது தெரியாது. எடிட்டர் படிப்பது பாலிசிகள் சேமிக்கப்படும் 'ரெஜிஸ்ட்ரி.போல்' கோப்பை, ரெஜிஸ்ட்ரியை அல்ல. அதனால் பழைய நேரடி வரிகளை அழித்துவிட்டு, அதே அமைப்பைப் பாலிசியாகப் போடுவது நல்லது. ஹோம் பதிப்பில் அந்த எடிட்டரே கிடையாது. டெம்ப்ளேட் (பாலிசியை எடிட்டரில் காட்டும் வரையறைக் கோப்பு) உள்ள அமைப்புகளுக்கு மட்டுமே பாலிசி பயன்படும் என்பது அதன் எல்லை.

மிச்சத்துக்கு விண்டோஸின் ஸ்கிரிப்ட் கருவியான பவர்ஷெல். எழுத நேரம் பிடிக்கும், ஆனால் மற்ற இரண்டும் செய்யாததை இது செய்யும். தொடும் முன் பழைய நிலையைக் குறித்துவைக்கலாம், 'அந்த வேல்யூ இல்லை' என்பதையும் சேர்த்து. பதிப்பைப் பார்த்து முடிவெடுக்கலாம். எதையும் மாற்றாமல், எது விலகியிருக்கிறது என்று பட்டியல் மட்டும் தரச் சொல்லலாம். கவனிக்க வேண்டியவையும் உண்டு. டிவேர்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் (எழுத்து வகை) எழுதினால், ரெஜெடிட்டில் (விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி எடிட்டர்) சரியாகத் தெரிந்தாலும் நிரல் அதை ஏற்காமல் போகலாம். 32-பிட் பவர்ஷெல்லில் ஓட்டினால், 'சாஃப்ட்வேர்' கீக்குள் எழுதும் பல வரிகள் 32-பிட் நிரல்களுக்கான 'வாவ்6432நோட்' பக்கம் திசைமாறிப் போகும். சாதாரணப் பயனர் வேறொரு அட்மின் கணக்கின் கடவுச்சொல் கொடுத்து ஓட்டினால், 'கரன்ட் யூசர்' என்பது அந்த அட்மினைக் குறிக்கும். டுவீக் தவறான ஆளுக்குப் போய்ச்சேரும்.

இவை மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு. இமேஜிலேயே தவறு இருந்தால் அங்கேயே திருத்துவதுதான் முறை. விண்டோஸின் இமேஜ் கருவியான டிஸ்ம் கொண்டு இமேஜை மவுன்ட் செய்து (ஃபோல்டர்போல் திறந்து), ஹைவ்களை, அதாவது ரெஜிஸ்ட்ரி சேமிக்கப்படும் கோப்புகளை ஏற்றித் திருத்தலாம். புதிய பயனர்களுக்கான அமைப்புகள் 'டிஃபால்ட்' பயனரின் 'என்டியூசர்.டாட்' ஹைவில் இருக்கும். ஏற்றிய சிஸ்டம் ஹைவில் 'கரன்ட்கன்ட்ரோல்செட்' இருக்காது, ஏனென்றால் அது விண்டோஸ் பூட் ஆகும்போது உருவாகும் இணைப்பு; 'கன்ட்ரோல்செட்001'-இல்தான் எழுத வேண்டும். ஹைவை அன்லோட் செய்யாமல் இமேஜை மூடப் போனால் அன்மவுன்ட் சிக்கிக்கொள்ளும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள்? வேண்டவே வேண்டாம். அவை தேடுவது அனாதையாகக் கிடக்கும் குறிப்புகளை. தவறான எண் போட்ட டுவீக் அவற்றின் கண்ணுக்கு முழுச் சரியான வேல்யூ. இவற்றின் பயன்பாட்டை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விண்டோஸின் எஸ்எஃப்சி ஸ்கேனையும் இதற்கு நம்ப வேண்டாம். அது சரிபார்ப்பது சிஸ்டம் கோப்புகளை, நம் டுவீக்குகளை அல்ல. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து 'ரெக்பேக்' ஃபோல்டரில் ரெஜிஸ்ட்ரியின் தானியங்கி நகலும் எடுக்கப்படுவதில்லை. அதனால் கை வைக்கும் முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) கட்டாயம்.

சரி, இயல்பு எண்களை எங்கே எடுப்பது? இணையத்தில் சுற்றும் பட்டியல்களிலிருந்து வேண்டாம். சர்வீஸ்களின் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) 'ஸ்டார்ட்' எண் (2 தானாக, 3 தேவைப்படும்போது, 4 முடக்கம்) பதிப்புக்கும் பில்டுக்கும் ஏற்ப மாறும். அதே பதிப்பை, அதே பில்டில், எதையும் தொடாமல் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவி, அதிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். 4 என்று கிடக்கும் சர்வீஸ்களிலிருந்து தொடங்குங்கள். அப்டேட் நிறுவ மறுப்பது, ஸ்டோர் திறக்காதது போன்ற கோளாறுகளுக்கு அங்கே காரணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் பிறகு அந்த பவர்ஷெல் ஸ்கிரிப்டைப் பட்டியல் மட்டும் தரும் நிலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் அப்டேட் சில அமைப்புகளைத் தானே மாற்றியிருக்கும்.