முந்நூறு வெற்றுத் தாளில் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன்

திருச்சியில் ஒரு சின்ன முதியோர் இல்லத்துக்கு நான் பொருளாளர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட சம்பளமில்லாத வேலை. ஐப்பசி மழையில் சமையற்கட்டுக் கூரை ஒழுகி, அரிசி பருப்பையெல்லாம் பெரியவர்கள் படுக்கும் கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புதுக் கூரைக்கு மூன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து வந்தார் அந்த மனிதர்.

நன்கொடைக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழிலாம். வசூலில் 25 சதவீதம் அவருக்கு. முந்நூறு கடிதத்துக்கு அச்சும் தபாலும் 15,000 ரூபாய், முன்பணம். சாதாரணத் தபாலுக்கு ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் போதும். முந்நூறுக்கு 1,500தான் வரும். அச்சு, உறை எல்லாம் சேர்த்தாலும் பாதிகூட ஆகாது. முப்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன், இதை அன்று கூட்டிப் பார்க்கவில்லை.

அது போகட்டும். "ஒவ்வொரு தடவையும் உங்களை அலைய விட வேண்டாம் சார்" என்று சொல்லி முந்நூறு வெற்று லெட்டர்பேடில் கையெழுத்து கேட்டார். ஒரே உட்காரலில் போட்டேன், கட்டைவிரல் மரத்துப்போனது. கூடவே 201 முதல் 250 வரை எண்ணிட்ட ரசீதுப் புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் எங்கள் கணக்குக்கு வந்தது 11,500 ரூபாய். "ஜனங்க கை இறுகிப் போச்சு சார்" என்றார். நம்பினேன்.

மாசி மாதம் காந்தி மார்க்கெட் அரிசி மண்டிக்காரர் ஒருவர் எங்கள் கடிதத்தோடு நேரிலேயே வந்தார். "ஏன் சார், டிரஸ்ட் பேர்ல உங்களுக்குக் கணக்கு இல்லையா?" கடிதத்தின் அடியில் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கியூஆர் கோடு. என் போனில் ஸ்கேன் செய்தேன். பணம் போடுவதற்கு முன் வருமே பெயர், அதில் நாங்கள் கேள்வியே படாத ஒரு பெண்ணின் பெயர்.

அப்புறம்தான் கடிதத்தை முழுதாகப் படித்தேன். 'ஒருவேளை உணவுக்கும் வழியின்றித் தவிக்கும் 60 முதியோர்' என்று இருந்தது. எங்களிடம் இருப்பவர்கள் 22 பேர். அழுகிற மூதாட்டி ஒருவரின் படம் வேறு, யாரோ எவரோ. கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் பாட்டி ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "நாம எப்பப்பா பட்டினி கிடந்தோம்?" என்று கேட்டார். போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

'முழுத் தொகைக்கும் வருமான வரி விலக்கு' என்றும் அடித்திருந்தார். சுத்தப் பொய். எங்களைப் போன்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால், வருமான வரிச் சட்டப்படி கொடுத்த தொகையில் பாதியைத்தான் வருமானத்தில் கழிக்கலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. வெறும் ரசீதும் போதாது. அறக்கட்டளை வருமான வரித் துறையில் கணக்குக் கொடுத்து நன்கொடையாளருக்குச் சான்றிதழ் தர வேண்டும், மே 31க்குள். ஜூனில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்து அந்தச் சான்றிதழைக் கேட்டார். கையில் 217ஆம் எண் ரசீது வைத்திருந்தார். 5,000 ரூபாய். எங்களுக்கு வராத பணத்துக்கு எப்படிச் சான்றிதழ் கொடுப்பது? விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கையெழுத்து உங்களுதுதானே?" என்றார்.

மண்டிக்காரர் வந்துபோன மறுநாளே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கும் போன் செய்தோம். பணம் போனவுடனே கூப்பிட்டிருந்தால்தான் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். கடிதம் எழுதிக் கொடுத்தவரின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. பணம் இன்றுவரை வரவில்லை.

இப்போது கடிதத்தை நாங்களே எழுதுகிறோம். ஒரு பக்கம், அவ்வளவுதான். கூரைக்கு எவ்வளவு ஆகும், கையில் எவ்வளவு இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும், டிரஸ்ட் பெயரில் உள்ள கணக்கு எண், வந்து பார்க்க நேரம். ஒழுகும் இடத்தைப் படம் எடுத்துப் போட்டோம். தாளில் விஷயம் அச்சான பிறகுதான் கையெழுத்து. ரசீதுப் புத்தகம் என் அலமாரியில், சாவி என் இடுப்பில்.

முதல் கடிதம் அந்த மண்டிக்காரருக்குத்தான் போனது. நாலாம் நாள் 10,000 ரூபாய் செக்கோடு வந்தார். ரசீது எழுத உட்கார்ந்தேன். "நம்பர் பார்த்துப் போடுங்க சார்" என்றார்.