யூஸ்டு எல்டிஓ-7 டேப் டிரைவ்: டிரைவுக்கு நாலு ஸ்டார், வித்த கடைக்கு ஒண்ணு

ஆபீஸ் பேக்கப்புக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில செகண்ட் ஹேண்ட் எல்டிஓ-7 (பேக்கப் டேப்ல ஏழாவது தலைமுறை) எக்ஸ்டர்னல் டிரைவ் எடுத்தோம், சாஸ் மாடல், அதாவது சர்வர் டிஸ்க், டேப் எல்லாம் மாட்டுற கனெக்‌ஷன். கடை பேரு வேணாம். குடுத்த காசுக்கு டிரைவ் ஒர்த்துதான், ஆனா "எந்த சாஸ் போர்ட்லயும் சொருகுங்க சார், தானா வந்துரும்"னு சொல்லி அனுப்புனாரு பாருங்க அந்த அண்ணன், தலைவலியே அங்கதான் ஆரம்பிச்சுது.

சர்வர்ல ஏற்கனவே இருந்த ரெய்டு கார்டோட வெளி போர்ட்ல மாட்டுனோம். லைட் எரியுது, டேப்பை வச்சா கர்ர்னு உள்ள இழுக்குது, பட்டனை அமுக்குனா வெளிய தள்ளுது, ஆனா லினக்ஸ்ல மாட்டியிருக்க டிவைஸை லிஸ்ட் போடுற எல்எஸ்ஸ்கஸி (lsscsi) கமாண்ட் அடிச்சா டிஸ்க் மட்டும்தான் வருது, டேப்னு ஒரு வரி கூட இல்ல. கடைக்கு போன் போட்டா கேபிள் மாத்துங்கன்னாரு, மாத்துனா ஓஎஸ்ஸ ரீஇன்ஸ்டால் பண்ணுங்கங்கறாரு. ஓடிட்டிருக்க சர்வர்லயா? நல்லா இருக்கு போங்க.

ரெய்டு கார்டோட வேலை டிஸ்க்குகளை சேர்த்து ஓஎஸ்ஸுக்கு ஒரே வால்யூமா காட்டுறது, டேப்பை பெரும்பாலான ரெய்டு கார்டு கண்டுக்கவே கண்டுக்காது. டேப்புக்கு வேணுங்கறது சாதா எச்பிஏ கார்டு, மாட்டுன டிவைஸை அப்படியே ஓஎஸ்ஸுக்கு காட்டுற கார்டு. எல்எஸ்ஐ 9300-8இ ஒண்ணு வாங்கி போட்டோம், அதுல போர்ட் எஸ்எஃப்எஃப்-8644ங்கற சாஸ் சாக்கெட், டிரைவ் பின்னாடி பழைய எஸ்எஃப்எஃப்-8088, அதனால ரெண்டு முனையும் வேற வேறயா இருக்க கேபிள் கேட்டு வாங்கணும். டிரைவை முதல்ல ஆன் பண்ணிட்டு அப்புறமா சர்வரை ஆன் பண்ணோம், பூட் ஆகும்போதே கார்டோட பயாஸ் லிஸ்ட்ல டிரைவ் வந்துருச்சு. இந்த லிஸ்ட்லயே வரலன்னா ஓஎஸ்ல என்ன குட்டிக்கரணம் அடிச்சாலும் வராது, கார்டு, கேபிள், பவர் இதுலதான் எங்கயோ கோளாறு. அங்க வந்தும் லினக்ஸ்ல டேப் டிரைவோட பேரான எஸ்டி0 (st0) வரலன்னா, டேப்புக்கான எஸ்டி (st) டிரைவர் மாட்யூல் லோட் ஆயிருக்கான்னு பாத்து, இல்லன்னா மோட்ப்ரோப் எஸ்டி (modprobe st) அடிச்சு லோட் பண்ணுங்க.

மத்தபடி டிரைவ் பத்தி சொல்லணும்னா, பாக்ஸ்ல பெருசா போட்டிருக்க 15 டிபி, டேட்டாவை கம்ப்ரஸ் பண்ணி சுருக்குனா வர்ற கணக்கு, எங்க ஸ்கேன் ஃபைலும் வீடியோவும் ஏற்கனவே கம்ப்ரஸ் ஆனது, அதனால 6 டிபிதான் கிடைக்குது. ஸ்பீடு செகண்டுக்கு 300 எம்பி வரைக்கும், ஆனா அந்த வேகத்துக்கு டேட்டா குடுக்கணும், நெட்வொர்க் வழியா நேரா எழுதுனா டேட்டா பத்தாம டேப் நின்னு பின்னால போயி திரும்ப கிளம்புற சத்தம் ரூம் வெளிய வரைக்கும் கேக்குது, டேப்புக்கும் ஹெட்டுக்கும் அது நல்லதில்ல. முதல்ல லோக்கல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு அங்கருந்து எழுதுறோம், இப்ப சத்தமே இல்ல.

எல்டிஓ-8 வேணாம்னு இதை எடுத்ததுக்கு காரணம் எங்ககிட்ட இருக்க பழைய எல்டிஓ-5, 6 டேப்புங்க. எல்டிஓ-7 டிரைவ் ரெண்டையும் படிக்கும், எல்டிஓ-8 டிரைவ் பழசுல 7 டேப்பை மட்டும்தான் படிக்கும்.

இதே மாதிரி யூஸ்டு எடுக்கறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி கடையிலயே ஒரு சர்வர்ல மாட்டி டேப்ல எழுதி படிச்சு காட்ட சொல்லுங்க. ஐபிஎம் டிரைவா இருந்தா அவங்களோட டேப் டெஸ்ட் பண்ற ஐடிடிடி (ITDT) டூல் ஃப்ரீதான், அதுல டெஸ்ட் ஓட்ட சொல்லுங்க. முன்னாடி இருக்க குட்டி டிஸ்ப்ளேல "சி"னு வந்தா பயப்படாதீங்க, க்ளீனிங் டேப் கேக்குது, அவ்ளோதான். கூட ஒரு க்ளீனிங் டேப்பும் ஓசில கேட்டு பாருங்க, எங்களுக்கு தரல.