கத்தி பிடிக்க எங்கே கற்பது?

இரண்டு வருடம் முன்பு என் மாமாவுக்கு இறங்கிய குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது. நாங்கள் ஓடிய கடலூர்ப் பக்கத்து மருத்துவமனையில் இரவு பதினோரு மணிக்குச் சொன்னார்கள்: "ஜிப்மருக்கு எழுதித் தருகிறோம்." புதுச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதுவும் இல்லாத ஊர்களில் அறுவை மருத்துவரை எப்படித் தங்கவைக்கிறார்கள்?

வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைப்பது பழைய வழி. கானா தன் மகப்பேறு மருத்துவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பியது, பெரும்பாலோர் திரும்பவில்லை. 1989-இல் முதுநிலைப் பயிற்சியை உள்நாட்டிலேயே தொடங்கியது. முதலில் தேறிய 38 பேரில் 37 பேர் அங்கேயே இருந்தார்கள். முதல் வழியைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க நாடுகள் 1999-இல் சேர்ந்து தொடங்கிய அறுவை மருத்துவக் கல்லூரிக்குத் தனி வளாகம் கிடையாது. இருக்கிற மருத்துவமனைகளே பயிற்சிக்கூடம்; தேர்வு மட்டும் எல்லோருக்கும் பொது. அந்த வட்டாரத்தில் பயின்றவர்களைக் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 85 பேர் பயின்ற நாட்டிலேயே இருந்தார்கள். ஆனால் நாட்டில் இருப்பது வேறு, மாவட்டத்தில் இருப்பது வேறு. தலைநகரிலேயே தங்கிவிட்டவரும் இந்தக் கணக்கில் வருகிறார்.

இந்த இடத்தில் மொசாம்பிக் முந்துகிறது. மருத்துவர் அல்லாத பணியாளர்களுக்கு 1984-இல் அறுவைப் பயிற்சி தொடங்கினார்கள். சிசேரியன் உட்பட அவசர அறுவைகளை அவர்களே செய்கிறார்கள். பயிற்சி முடித்து ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால் 88 சதவீதம் பேர் மாவட்ட மருத்துவமனைகளில் இருந்தார்கள். அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை. இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அவர்களின் சான்றிதழ் எல்லை தாண்டினால் செல்லாது. விரும்பி இருந்தவர் எத்தனை பேர், வழியில்லாமல் இருந்தவர் எத்தனை பேர்?

ஆகவே என் ஓட்டு உள்நாட்டுப் பயிற்சிக்குத்தான், அது மாவட்டத்தில் நடக்குமானால். நம் முதுநிலை மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. மூன்று மாதத்தில் கைக்கு என்ன பழகும்? அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தமிழ்நாடு தரும் 50 சதவீத முதுநிலை இடஒதுக்கீடு இதைவிட உருப்படியானது. ஏற்கெனவே ஊரக நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் அதில் வருகிறார்கள்.

அன்று இரவு அறுவை மருத்துவர் வந்துதான் இருந்தார். மாமாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று பேருக்கு போன் செய்தார். மயக்க மருந்து கொடுக்க யாரும் கிடைக்கவில்லை.